மொட்டை மாடியில் 1 டிகிரி தப்பினால் போச்சு!

சென்னை,

"சர்வர் டவுன், அப்புறம் வாங்க!"

வங்கியிலும் கடையிலும் இந்தப் பேச்சைக் கேட்காதவர் இல்லை. சில இடங்களில் சர்வர் மேல் தப்பே இருக்காது. கோளாறு அதே கட்டிடத்தின் மொட்டை மாடியில் இருக்கும்!

ரோட்டைத் தோண்டி கேபிள் போட முடியாத இடங்களில், இரண்டு மாடிகளில் எதிரும் புதிருமாக 'டிஷ்' வைத்து, கம்பியில்லாமல் இன்டர்நெட் கொடுக்கிறார்கள். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியை, குறிப்பிட்ட சக்திக்குள் இயக்கினால் லைசென்ஸ் வேண்டாம் என்று மத்திய அரசு 2018-ல் விலக்கு அளித்தது.

தெரியுதா? தெரியலை!

1975 ஆகஸ்டு 15-ந்தேதி சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது. அதன் பிறகு வீட்டுக்கு வீடு நடந்த கூத்து பலருக்கு நினைவிருக்கும். அப்பா மாடியில் ஆன்டெனாவைத் திருப்புவார். "தெரியுதா?" என்பார். "புள்ளி புள்ளியா வருதுப்பா!" என்று கீழேயிருந்து பிள்ளைகள் கத்துவார்கள்.

இப்போதும் அதே கூத்துதான். ஆனால் நடுவே 3 கிலோமீட்டர்! இரண்டு மாடியிலும் ஆள் காதில் செல்போன்.

"அண்ணே, லெப்ட்ல கொஞ்சம்... இன்னும்... ஐயோ, தாண்டிட்டீங்க!"

டிஷ் 1 டிகிரி விலகினால், 3 கிலோமீட்டருக்கு அப்பால் குறி 50 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும்.

ஏமாற்றும் சிக்னல்

இதில் ஏமாந்து போகிற இடமும் உண்டு. பிரதான அலைக்குப் பக்கவாட்டில் குட்டி அலைகளும் கிளம்பும். அதில் ஒன்று மாட்டியதும், "கிடைச்சிருச்சு!" என்று போல்ட்டை முறுக்கினால் தீர்ந்தது கதை. வரவேண்டிய சக்தியில் நூறில் ஒரு பங்குதான் தேறும்.

கைதேர்ந்தவர் அவசரப்பட மாட்டார். சிக்னல் ஏறி, இறங்கும் வரை திருப்பிப் பார்ப்பார். பிறகு உச்சத்துக்குத் திரும்புவார். அதுவரை எதிர் மாடிக்காரர் டிஷ்சைத் தொடவே கூடாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆட்டினால் பொழுது சாய்ந்தாலும் வேலை முடியாது. போல்ட்டை முறுக்கும்போதும் டிஷ் லேசாக நகரும். மறுபடி பார்க்க வேண்டும்.

வேப்பமரம் செய்த வேலை

எதிர் மாடி கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. 3 கிலோமீட்டர் தூரத்துக்கு, நடுவழியில் நேர்கோட்டைச் சுற்றி சுமார் 4 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். மே மாதம் ஜோராக ஓடிய இணைப்பு ஐப்பசியில் படுத்துவிடும். காரணம், வழியில் தழைத்த வேப்பமரம்! நனைந்த இலை அலையைக் குடித்துவிடும். மரத்தையாவது கழிக்கலாம். குறுக்கே புது அடுக்குமாடி எழும்பினால்?

2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயலில் நகரமே இணைப்பு இல்லாமல் தவித்தது. ஆனாலும் கைப்பிடிச் சுவரில் கட்டுக்கம்பியால் குழாயைக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காற்றில் டிஷ் பாய்மரம் மாதிரி இழுக்கும். கேபிளைத் தொங்கலாக வளைத்து விடாவிட்டால், மழைத்தண்ணீர் அதன் வழியே பெட்டிக்குள் இறங்கிவிடும்.

உயிர் பெரிசா?

இவ்வளவும் செய்கிறவருக்குப் பல இடங்களில் இடுப்பு பெல்ட்கூடக் கிடையாது. பாசி பிடித்த தளம். கை நீட்டும் தூரத்தில் மின்சார ஒயர். குழாய் சாய்ந்து ஒயரில் பட்டால் பிழைப்பது அரிது. இடி இடித்தால் உடனே இறங்கிவிட வேண்டும்.

இறங்கி வந்தால் கீழே கடைக்காரர் பில் மெஷினைப் பிடித்தபடி நிற்பார்.

"என்ன தம்பி, இன்னும் நெட் வரலையே?"