பெருவிரல் மேடு வற்றும்போது

ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றில் 8 மணிக்கட்டிலேயே, கூழாங்கற்களை நெருக்கி அடுக்கியதுபோல், இரண்டு வரிசையாக இருக்கின்றன. அந்த அடுக்கு தட்டையானதல்ல. உள்ளங்கைப் பக்கம் வாய்க்கால்போல் குழிந்தது. அதன் மேலே தடித்த நார்ப்பட்டை ஒன்று கரைக்குக் கரை இழுத்துக் கட்டியதுபோல் கிடக்கிறது. மணிக்கட்டுக் குகை என்பது இதுதான்.

விரல்களை மடக்கும் வலிய தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அவற்றின் 9 தசைநாண்கள் இந்தக் குகை வழியாகத்தான் விரல்களுக்கு இறங்குகின்றன. கூடவே, கூரையை ஒட்டினாற்போல், நடுநரம்பும் போகிறது. எலும்பு விரியாது, பட்டையும் இளகாது. நாண்களின் உறை வீங்கினால் நசுங்குவது நரம்புதான்.

பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி: இவற்றின் உணர்வு நடுநரம்புக்கு உரியது. கொழுந்து கிள்ளுவதும் இதே விரல்கள்தான். இறக்குவானை, தெரணியகலைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் பெண்களின் கை காலை முதல் ஓயாமல் கிள்ளுகிறது. நிறைக்குக் கணக்கு உண்டு, கிள்ளலுக்குக் கிடையாது. எட்டியாந்தோட்டைப் பக்கம் விடியற்காலையில் இறப்பர் பால் வெட்டுகிறவரோ கத்தியை இறுக்கிப் பிடித்து, மரத்துக்கு மரம் மணிக்கட்டைச் சாய்த்துப் பட்டையைச் சீவுகிறார். மணிக்கட்டு மடங்க மடங்கக் குகைக்குள் அழுத்தம் பல மடங்கு ஏறும்.

நரம்பு நசுங்குவதன் முதல் அடையாளம் வேலைத்தலத்தில் தெரிவதில்லை. லயத்துக் காம்பராவில், நடுச்சாமத்தில், கை மரத்து விழிப்பு வருகிறது. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சற்றுத் தணிகிறது. வாதம், பனி என்று எண்ணெய் தேய்ப்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. சுண்டுவிரல் மட்டும் மரக்காது. முழங்கை இடிபட்டால் சுள்ளென்று மின்சாரம்போல் இழுக்குமே, அந்த நரம்புக்கு உரியது அது. குகைக்குள் அந்த நரம்பு நுழைவதில்லை. புறங்கைகளை ஒன்றோடொன்று ஒட்டி, மணிக்கட்டுகளை மடித்து 1 நிமிடம் வைத்திருக்க மருத்துவர் சொல்வதும் நடுநரம்பு நசுங்குகிறதா என்று கண்டுபிடிக்கத்தான். நசுங்கியிருந்தால் மரப்பு பெரும்பாலும் அப்போதே எட்டிப் பார்க்கும்.

நீரிழிவும் தைரொயிட் குறைவும் கர்ப்பமும் இதே மரப்பைத் தரலாம், கழுத்தில் நரம்பு வேர் நசுங்கினாலும் வரலாம் என்பார்கள். உண்மைதான். ஆனாலும் நாள் முழுதும் ஒரே அசைவில் ஓடும் கையை விட்டுவிட்டு வேறிடத்தில் காரணம் தேடுவது விந்தை.

கவலைக்குரியது மரப்பு அல்ல, வலி அடங்கிப்போவது. நசுங்கும் நரம்பு முதலில் தன் உறையைத்தான் இழக்கிறது. அந்தக் கட்டத்தில் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் கட்டுப்பட்டையே பலருக்குப் போதும். பிந்தினால் உள்ளிழைகள் பட்டுப்போகும். அப்போது வலி குறையக்கூடும். சுகமாகிவிட்டது என்று நினைத்திருக்கையில், அதே நரம்பு இயக்கும் பெருவிரலடி மேடு வற்றுகிறது. இரண்டு உள்ளங்கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்: ஒன்றில் உருண்டைச் சதை, மற்றதில் பள்ளம். சட்டைப் பொத்தான் நழுவுகிறது, ரொட்டி மாவு பிடிபடுவதில்லை, கிள்ளிய கொழுந்து கூடைக்குப் போகுமுன் உதிர்கிறது.

அறுவைச் சிகிச்சை சிறியதுதான். கையை மட்டும் மரக்கச் செய்து, அந்த நார்ப்பட்டையை அறுத்துவிடுவார்கள். அதன்பின் பட்டுப்போன நரம்பிழை நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் மீண்டும் வளரும். ஆனால் நரம்பில்லாமல் ஒன்றரை ஆண்டுக்கு மேல் கிடந்த தசை பெரும்பாலும் நாரும் கொழுப்புமாகிவிடுகிறது. அத்தகைய கையில் அறுவைக்குப் பின் இரவு மரப்பு நின்றாலும், கிள்ளும் பிடி அரைகுறையாகவே திரும்புகிறது.