அம்மாவின் இரண்டாவது ஷிஃப்ட்

காலையில் துவாஸ் லிங்க் எம்ஆர்டி நிலையத்தில், வேலைக்குச் செல்வோர் ஒருபுறம் இறங்குவார்கள். இரவு ஷிஃப்ட் முடித்தவர்கள் மறுபுறம் வீடு திரும்புவார்கள். திரும்புவோரில் அம்மாக்களும் உண்டு. உங்கள் அம்மாவும் இப்படி வேலை செய்பவராக இருக்கலாம்.

“பகலில் வீட்டில்தானே இருக்கிறார், தூங்கலாமே” என்று நினைக்கிறீர்களா, மாணவர்களே? அது அவ்வளவு எளிதல்ல.

நம் தூக்கத்தை இரண்டு ஏற்பாடுகள் நடத்துகின்றன. ஒன்று, அடினோசின் என்ற வேதிப்பொருள். விழித்திருக்கும்போது இது மூளையில் சேர்ந்து தூக்கத்தைத் தூண்டும், தூங்கும்போது குறையும். மற்றொன்று, உடற்கடிகாரம். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலுள்ள ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களே அது. கண்ணில் வெளிச்சம் பட்டால், இரவில் சுரக்கும் மெலடோனினை அது அடக்கிவிடும்.

இரவெல்லாம் விழித்தவரிடம் அடினோசின் “தூங்கு” என்கிறது. கடிகாரமோ “விழித்திரு” என்கிறது. அதனால் பகல் தூக்கம் பெரும்பாலும் குறைந்தும் கலைந்தும் போகிறது. எழுந்தால் சமையல், துணி, பிள்ளைகளின் படிப்பு எனக் காத்திருக்கும் வேலைகள். இதுதான் இரண்டாவது ஷிஃப்ட்.

இப்படியே நீண்டால் என்னவாகும்? உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு ‘பர்ன்அவுட்’ நிலைக்கு மூன்று அடையாளங்களைக் கூறியது: சக்தி வற்றிப்போவது, வேலையில் மனம் ஒட்டாதது, திறன் குறைந்ததாக உணர்வது. இது நோய் அல்ல. நீடித்த வேலையிட மன அழுத்தத்தின் விளைவு என்றும் அது விளக்கியது.

அந்த விளக்கம் வேலையிடத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டு வேலைக்கோ ஷிஃப்ட் முடியும் மணி கிடையாது. பெல்ஜியத்தின் இசபெல் ரோஸ்காம், மொய்ரா மிக்கோலாய்சாக் இருவரும் பெற்றோருக்கு வரும் பர்ன்அவுட்டைத் தனியாக ஆராய்ந்தார்கள். அவர்களது குழு 42 நாடுகளில் நடத்திய ஆய்வு 2021இல் வெளியானது. அவரவர் பாட்டை அவரவரே பார்த்துக்கொள்ளும் பண்பாடுகளில் பாதிப்பு அதிகம் என்று அது காட்டியது.

நீங்கள் என்ன செய்யலாம்? அம்மா தூங்கும்போது திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். கைப்பேசியின் ஒலியைக் குறையுங்கள். “உதவட்டுமா?” என்று கேட்பதைவிட ஒரு வேலையை முழுதாக ஏற்றுக்கொள்ளுங்கள். துணி துவைப்பது உங்கள் வேலை என்றால், சோப்புத்தூள் தீர்வதைக் கவனிப்பதும் உங்கள் பொறுப்பே. நினைவு வைத்துக்கொள்வதும் ஓர் உழைப்புதான்.

ஓய்வெடுத்தும் சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் உடன் செல்லுங்கள்.