டிவிடி பிளேயர் டிரே திறக்க மாட்டேங்குதா? உள்ளே சிக்கிய கல்யாண டிஸ்கை உடைக்காமல் எடுப்பது எப்படி?

2006 செப்டம்பரில் இலவச கலர் டிவி திட்டம் தொடங்கியது. டிவி வந்த பல வீடுகளில் அடுத்து வந்து சேர்ந்தது டிவிடி பிளேயர். சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் இருக்கும் எலவனாசூர்கோட்டை போன்ற ஊர்களில் இன்றும் பரண் மேல் ஒரு பிளேயர் கிடக்கும். அதை மறுபடி இறக்குவது படம் பார்க்க அல்ல. கல்யாணம், காதுகுத்து, இன்று உயிரோடு இல்லாத தாத்தா சிரித்துப் பேசும் நாலு நிமிஷம்... இதெல்லாம் அந்த ஒரே டிஸ்கில்தான் இருக்கும். அது உள்ளே போய் வெளியே வரவில்லை என்றால்?

முதலில், ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வையுங்க. கத்தியை விட்டு நெம்பினால் பிளேயர் மட்டுமல்ல, டிஸ்கும் கீறிப் போகும்.

சத்தத்தைக் கேளுங்க

ஓபன் பட்டனை அழுத்தும்போது எந்தச் சத்தமும் இல்லையா? பட்டன், மின்சாரம், மோட்டார் இதில் ஏதோ ஒன்றில் கோளாறு. பிளக்கைப் பிடுங்கி பத்து நிமிஷம் விட்டு, மறுபடி மாட்டி ஆன் செய்த உடனே, டிஸ்கைப் படிக்க ஆரம்பிப்பதற்குள், ஓபன் பட்டனை அழுத்துங்க. சில மாடல்களில் டிரே லாக் வசதியும் உண்டு. குழந்தைகள் ரிமோட்டில் விளையாடி லாக் விழுந்திருக்கலாம்.

'ஙொய்ங்' என்று மோட்டார் சுற்றுகிறது, டிரே மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் குற்றவாளி பெல்ட். மோட்டாரையும் பல்சக்கரத்தையும் இணைக்கும் சின்ன ரப்பர் வளையம் அது. வருஷக்கணக்கில் வெயிலிலும் தூசியிலும் கிடந்தால் தளர்ந்து வழுக்கும்.

டிஸ்க் இல்லாதபோது திறக்குது, டிஸ்க் போட்டால் திறக்கலையே?

பலரையும் குழப்புவது இதுதான். டிஸ்க் சுற்றும்போது ஆடாமல் இருக்க, மேலே ஒரு வட்ட மூடி காந்தத்தால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். டிரே வெளியே வரும் முன், கீழே உள்ள லென்ஸ் பகுதி இறங்கி அந்தக் காந்தப் பிடியை விடுவிக்க வேண்டும். அதிக இழுவிசை தேவைப்படும் இடம் அது. தளர்ந்த பெல்ட் அங்கேதான் தோற்றுப் போகும். ஸ்டுடியோவில் ஒட்டிய பேப்பர் ஸ்டிக்கர் சூட்டில் உரிந்து சிக்கிக்கொள்வதும் உண்டு.

கையால் எடுப்பது எப்படி?

கம்ப்யூட்டர் டிரைவ் என்றால் வேலை சுலபம். முகப்பில் ஊசித் துளை இருக்கும். பவரை அணைத்துவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக உள்ளே அழுத்தினால் டிரே கொஞ்சம் வெளியே வரும். பிறகு விரலால் மெதுவா இழுக்கலாம்.

வீட்டு பிளேயர்கள் பலவற்றில் அந்தத் துளை கிடையாது. மேல் மூடியைக் கழற்ற வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டில் உள்ள கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்க வாய்ப்புண்டு. அந்தப் பக்கமே கை போகக் கூடாது. பழக்கமில்லாதவர்கள் டிவி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுவது நல்லது. மூடி திறந்திருக்கும்போது பவர் கொடுத்து லென்ஸை உற்றுப் பார்ப்பதும் கண்ணுக்கு ஆபத்து.

டிரேக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தை விரலால் மெல்லச் சுற்றினால், முதலில் லென்ஸ் பகுதி இறங்கும், அப்புறம் டிரே நகரும். ஒரு பக்கம் இறுகினால் எதிர்ப்பக்கம் சுற்றுங்க. பலம் காட்ட வேண்டாம், பல் உடைந்துவிடும்.

பெல்ட்டை சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டினால் கொஞ்ச நாள் ஓடும். எண்ணெய் மட்டும் விடவே விடாதீங்க, இன்னும் வழுக்கும். கடையில் காசு கட்டும் ரப்பர் பேண்டும் நிலைக்காது. பழைய பெல்ட்டையே மாதிரிக்கு எடுத்துப் போய் அதே அளவில் புதுசு கேளுங்க.

டிஸ்க் வெளியே வந்தாச்சா?

அதே பிளேயரில் சோதித்துப் பார்க்கும் ஆசையை அடக்குங்க. ஸ்டுடியோக்கள் எழுதிக் கொடுத்தவை பெரும்பாலும் டிவிடி-ஆர் வகை. அதில் பதிவைத் தாங்குவது ஒரு சாயப் பூச்சு. வெயிலும் சூடும் பட்டால் அது மங்கும். யுஎஸ்பி டிவிடி டிரைவை லேப்டாப்பில் இணைத்து, 'வீடியோ டிஎஸ்' என்ற ஃபோல்டரை முழுசாக பென் டிரைவுக்கு மாற்றுங்க. ஒரு அடுக்கு டிஸ்க் என்றால் அதிகபட்சம் 4.7 ஜிபிதான், 8 ஜிபி பென் டிரைவே போதும். இன்னொரு காப்பியை உறவுக்காரர் வீட்டிலும் கொடுத்து வையுங்க.