அலை வடிந்த பிறகு

1977 நவம்பர் 19, சனிக்கிழமை. கிருஷ்ணா நதி இரண்டாகப் பிரிந்து கடலில் கலக்கும் திவிசீமாவில், கூரைகளைப் பிய்த்தெறிந்த காற்றைத் தொடர்ந்து கடலே ஊருக்குள் வந்தது. சுமார் 5 மீட்டர் உயரத்துக்கு எழும்பிய நீர், மேடே இல்லாத வயல்வெளியில் 10 கிலோமீட்டருக்கும் மேல் பாய்ந்தது. அரசுக் கணக்கில் பலி சுமார் 10,000. நாகாயலங்கா, கோடூரு பகுதிக் குப்பங்களில் குடும்பம் குடும்பமாக அழிந்துபோனார்கள்.

தப்பியவர்களுக்கு அடுத்த சோதனை காத்திருந்தது: தாகம். கிணறுகளிலும் குளங்களிலும் உப்புநீர்; அதில் மிதந்தன செத்த மாடுகள்.

இப்படிப்பட்ட நேரங்களில் கொள்ளைநோய் பயத்தில் மனித உடல்களை அவசர அவசரமாக மொத்தமாகப் புதைப்பது வழக்கம். இயற்கைப் பேரழிவில் இறந்தவர்களின் உடல்கள் பொதுவாகக் கொள்ளைநோயைப் பரப்புவதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆபத்து உயிரோடிருப்பவர்களைச் சுற்றித்தான்: மலம் கலந்த குடிநீர், நெரிசலான முகாம்கள். அவசரப் புதைப்பால் உறவினர்களுக்கு அடையாளம் காணும் கடைசி வாய்ப்பும் போய்விடுகிறது. முதலில் ஓட வேண்டியது குடிநீர் லாரியும் குளோரினும் உப்பு-சர்க்கரைக் கரைசலும்.

ஆந்திரம் ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது. 1990 மே மாதம் அதே கரையை இன்னொரு கடும் புயல் தாக்கியபோது, ஹைதராபாத்திலிருந்த அரசு முன்கூட்டியே லட்சக்கணக்கானோரை வெளியேற்றியது. பலி ஆயிரத்துக்குள் நின்றது.

சரியான நேரத்து எச்சரிக்கை உயிரைக் காப்பாற்றும். அடுத்த சில வாரங்களுக்கு அந்த உயிரைத் தக்கவைப்பது ஒரு குடம் நல்ல தண்ணீர்.