காரைத் துடைக்கப் போகிறீர்களா? சற்றுப் பொறுங்கள்!

தெருவில் ஓடாமல் கொட்டகைக்குள்ளேயே நிற்கும் காருக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வெயில் இல்லை, மழை இல்லை, காக்கை எச்சம் இல்லை. மெல்லிய தூசு மட்டும் நாள்தோறும் வந்து படிகிறது. ஒரு துணியால் துடைத்துவிட்டால் தீர்ந்தது! இந்த நினைப்புத்தான் என் மைத்துனரின் காருக்கு வினையாக வந்து வாய்த்தது.

நம் கடற்கரை ஊர்களில் இக்காட்சி உங்களுக்குப் புதிதன்று. வீட்டு ஆண்மகன் வளைகுடாவில் இருப்பார். அவர் வாங்கிய கார் ஆண்டில் பதினோரு மாதம் கொட்டகையில் நிற்கும். சாவி உறவினர் ஒருவர் கையில் இருக்கும். எங்கள் குடும்பத்தில் அந்த உறவினர் நான். கார் கறுப்பு நிறம். மைத்துனர் அதைத் தம் பல்லாண்டுச் சேமிப்பில் வாங்கியிருந்தார். பிறர் பொருள் அமானிதம் அல்லவா! ஆகவே நாள்தோறும் சுப்ஹுக்குப் பிறகு, மதரஸாவுக்குச் செல்லுமுன், பழைய துண்டொன்றை எடுத்து அதன் தூசைத் துடைப்பதை வழக்கமாக்கிக் கொண்டேன். சில நாட்களில் அழுத்தித் துடைப்பேன். பளபளப்பைக் கண்டு உள்ளூர மகிழ்ந்ததும் உண்டு.

மைத்துனர் விடுமுறையில் வந்தார். ஒரு நிக்காஹுக்குப் புறப்படுவதற்காகக் காரை வெளியே எடுத்து வெயிலில் நிறுத்தினார். அப்போதுதான் அது எங்கள் கண்ணில் பட்டது. முன்மூடி முழுவதிலும் சிலந்தி வலை பின்னினாற்போல வட்டம் வட்டமாக மெல்லிய கீறல்கள்! கொட்டகையின் மங்கிய வெளிச்சத்தில் அவை எனக்குத் தென்படவே இல்லை. மைத்துனர் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். “பரவாயில்லை மச்சான், ஏறுங்க” என்றார். நிக்காஹ் வீட்டை அடையும் வரை அதற்கு மேல் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுவாரம் வண்ணம் பூசும் பட்டறையொன்றுக்குக் காரைக் கொண்டு சென்றோம். அங்கிருந்த முதியவர் கைவிளக்கொன்றைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தார். “ஹஜ்ரத், நீங்க தூசியைத் துடைக்கலை. தூசியை வச்சுத் தேய்ச்சிருக்கீங்க” என்றார். அந்த ஒரு சொல்லிலேயே செய்தி முழுவதும் அடங்கியிருந்தது. பின்னர் நான் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை உங்களுக்குச் சொல்கிறேன்.

நாம் தூசு என்று அலட்சியமாகச் சொல்வதில் மாவு போன்ற மண் மட்டும் இல்லை. மணலின் நுண்துகள்களும் அதில் கலந்திருக்கின்றன. மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கனிமம். ஜெர்மானிய அறிஞர் ஃபிரெட்ரிக் மோஸ் 1812-ஆம் ஆண்டில் வகுத்த கடினத்தன்மை அளவையில் அதற்கு 7-ஆம் இடம். நாம் பயன்படுத்தும் சாதாரணக் கத்தியின் எஃகு அதே அளவையில் ஏறத்தாழ ஐந்தரைதான். கத்தியைவிடக் கடினமான துகளைத் துணிக்கடியில் வைத்து நான் தேய்த்திருக்கிறேன்!

மறுபுறம், தேய்க்கப்பட்டதோ மிக மெல்லியது. இக்காலக் கார்களில் நிறத்திற்கு மேல் நிறமற்ற தெளிபூச்சு ஒன்று பூசப்படுகிறது. பளபளப்பைத் தருவது அதுவே. அதன் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான். மனிதத் தலைமுடி ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்று சொன்னால் உங்களுக்கு விளங்கும். கீறல் எல்லா நிறக் கார்களிலும் விழும். வெள்ளைக் காரில் அது எளிதில் தெரிவதில்லை, கறுப்புக் கார் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

அப்படியாயின் என்ன செய்வது? முதலில், ஒன்றும் செய்யாதிருக்கப் பழகுங்கள். உலர்ந்த தூசு தானாக வண்ணத்தைக் கெடுப்பதில்லை. அதை அசைக்கும் கைதான் கெடுக்கிறது. ஓடாத காரை நாள்தோறும் துடைக்க வேண்டிய தேவையே இல்லை. தூசின்மேல் விரலால் பெயர் எழுதும் பிள்ளைகளையும் தடுத்து வையுங்கள். என்னிடம் ஓதும் சிறுவன் ஒருவன் பின்கதவில் எழுதிய பெயர், கழுவிய பிறகும் வெயிலில் வாசிக்கும்படி இருந்தது. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதியிருந்தான் என்பது மட்டுமே எனக்கு ஆறுதல்.

துடைத்தே ஆகவேண்டிய நாளில் துணிக்கு முன் தண்ணீரைத் தேடுங்கள். காரை நிழலான இடத்தில் நிறுத்தி, உடல் சூடு தணிந்தபின், கூரையிலிருந்து கீழ்நோக்கித் தண்ணீரை ஓடவிடுங்கள். குழாய் இல்லாவிட்டால் குவளையால் மெல்ல ஊற்றினாலும் போதும். சில நிமிடம் ஊறவிட்டு மீண்டும் ஊற்றுங்கள். கடலோர ஊர்களில் தூசோடு உப்பும் படிந்திருக்கும். அதுவும் இந்த நீரில் கரைந்து போகும். தூசின் பெரும்பகுதி கை படாமலே கீழே இறங்குவதை நீங்களே காண்பீர்கள்.

எஞ்சியிருப்பதற்கு இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் காருக்கென்று விற்கும் ஷாம்பூ கலந்த நீர், மற்றொன்றில் வெறும் நீர். மென்மையான மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் நனைத்து, அழுத்தாமல், நேர்கோடாக, மேலிருந்து கீழாக இழுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கையுறையை வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் மீண்டும் ஷாம்பூவில் இட வேண்டும். கதவின் அடிப்பகுதியை இறுதியில் கழுவுங்கள், அங்கேதான் மண் மிகுதி. கையுறை தரையில் விழுந்துவிட்டால் அன்றைக்கு அதை மறந்துவிடுங்கள். நன்றாகத் துவைத்த பிறகே அது மறுபடி உதவும். பாத்திரம் துலக்கும் திரவமும் துணி துவைக்கும் தூளும் வேண்டா. அவை மெழுகுப் பூச்சையும் சேர்த்துக் கழுவிவிடும். மண்ணெண்ணெய் கலந்த நீரால் துடைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்றும் இருக்கிறது. அப்போதைக்குப் பளபளக்கும், பிறகு அந்த எண்ணெய்ப் பசையே தூசை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

நம் ஆழ்குழாய் நீர் உப்பு நீராயிற்றே என்பீர்கள். கழுவுவதற்கு அது போதும். ஆனால் காரின்மேலேயே அது காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் விழும். ஆகவே கடைசியாக இரண்டு குடம் நல்ல தண்ணீரை ஊற்றி, தடித்த மைக்ரோஃபைபர் துண்டை விரித்து ஒற்றி எடுங்கள்.

ஒளுச் செய்யும்போதே நீரை வீணாக்கக் கூடாதென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். எனவே கோடைக்கு வேறொரு வழியையும் கேட்டறிந்தேன். அலசத் தேவையில்லாத கழுவுதிரவங்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. புட்டியில் எழுதியுள்ள அளவில் நீரில் கலந்து, தூசின்மேல் தாராளமாகத் தெளித்துச் சற்று ஊறவிட வேண்டும். பிறகு அதே கலவையில் நனைத்த துணியை நான்காக மடித்தால் எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு முகத்தால் ஓர் இழுப்பு, அடுத்த இழுப்புக்கு அடுத்த முகம். எட்டும் தீர்ந்தால் வேறு துணி. ஒரு காருக்கு ஐந்தாறு துணிகளாவது வேண்டும். ஒன்றரை வாளியில் வேலை முடிந்துவிடும். ஆயினும் கனமாகத் தூசு படிந்த காருக்கு இம்முறையை நான் சொல்லமாட்டேன்.

மெழுகேற்றிய பருத்தி இழைத் துடைப்பான் ஒன்றும் விற்கிறார்கள். அதன் எடையே போதும், அழுத்தக் கூடாது என்பது விதி. உள்நாட்டு ஊர்களில் ஒருநாள் தூசுக்கு அது சரிப்படலாம். மணல் பறக்கும் நம் தெருக்களுக்கு அதை நான் நம்பவில்லை.

உறையைப் பற்றியும் ஒரு சொல். கழுவி உலர்ந்த காருக்கே உறை போடுங்கள். தூசின்மேல் போட்டு இழுத்தால் உறையே உப்புத்தாளாகிவிடும். காற்றுப் புகும் துணியுறை நல்லது. தார்ப்பாய் ஈரத்தைச் சிறைப்படுத்தும். கழற்றும்போது இரு பக்கங்களிலிருந்தும் நடுவை நோக்கி மடியுங்கள், வெளிப்புறத் தூசு மடிப்புக்குள்ளேயே அடங்கும். கார் நிற்கும்போது கொட்டகையை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். தெருப்பக்கச் சன்னலை மூடியது எங்களுக்குப் பாதித் தூசைக் குறைத்தது.

கீறல்களைப் பட்டறை முதியவர் மெருகேற்றிப் போக்கினார். மெருகேற்றுவதென்றால் தெளிபூச்சில் சில மைக்ரான்களைத் தேய்த்தெடுப்பதுதான். ஆகையால் அதை அடிக்கடி செய்ய முடியாது. 7,000 ரூபாய் ஆயிற்று. கொடுக்கப்போன என் கையை மைத்துனர் விலக்கிவிட்டார். புறப்படும் நாளில் சாவியை என் மகனிடம் கொடுப்பார் என்றே நினைத்திருந்தேன். என்னிடமே தந்தார். கூடவே ஒரு கட்டு மைக்ரோஃபைபர் துணியும் இருந்தது. அவற்றை மற்றத் துணிகளோடு சேர்க்காமல், மென்மையாக்கும் திரவம் ஊற்றாமல், தனியே துவைக்க வேண்டுமாம். என் வீட்டாரிடம் அதைச் சொல்லி வைத்திருக்கிறேன். பழைய துண்டு இப்போது சமையலறையில் இருக்கிறது.