போர்க்கப்பல் இரும்பும் நியூட்ரினோவும்



"முதல் வருஷ பிசிக்ஸ் பேப்பரை எப்படியோ கிளியர் பண்ணியாச்சு. இனிமே அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. அணுவுக்குள் இருக்கும் துகள்களை ஆராய்வது என்றாலே, கரும்பலகை நிறைய சமன்பாடு எழுதும் மேதாவிகளின் வேலை என்று ஒரு நினைப்பு நமக்கு. அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி இரும்பு, அலுமினியம், ஹை வோல்டேஜ், காயில், சர்க்யூட் போர்டு. அதாவது, நம்ம ஒர்க் ஷாப்பிலும் லேபிலும் புழங்குகிற சாமான்கள்தான்! அந்த மீதிப் பாதியிலேயே தன் வாழ்நாளைக் கழித்த லியான் லெடர்மேன் என்ற அமெரிக்க விஞ்ஞானியைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

சலவைக் கடைக்காரர் மகன்

லெடர்மேன் 1922-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் பிழைப்பு தேடி அமெரிக்காவுக்கு வந்த யூதர்கள். அப்பா கையால் துணி வெளுக்கும் ஒரு சலவைக் கடை நடத்தினார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். இவர் கதையை மேற்கொண்டு படிக்க எனக்கு இந்த ஒரு விவரமே போதுமானதாக இருந்தது.

1943-இல் நியூயார்க் சிட்டி காலேஜில் வேதியியல் பட்டம் பெற்றார். அடுத்து மூன்று வருஷம் ராணுவம். திரும்பி வந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் சேர்ந்து, 1951-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். மாணவராக அவர் செய்த முக்கிய வேலை என்ன தெரியுமா? துகள்கள் போகும் பாதையைக் கண்ணால் பார்க்க உதவும் 'மேக அறை' என்ற கருவியைக் கட்டியதுதான்.

நான்கு நாளில் ஒரு விதி உடைந்தது

கண்ணாடியில் பார்த்தால் இடது வலதாகத் தெரியும். ஆனால் இயற்கையின் விதிகளுக்கு இடது, வலது என்ற பேதமே கிடையாது என்று 1956 வரை எல்லோரும் நம்பினார்கள். அந்த வருஷம் லீ, யாங் என்ற இருவர், "சில வகைச் சிதைவுகளில் இதை யாராவது சோதித்துப் பார்த்தார்களா?" என்று கேட்டார்கள். யாருமே பார்த்திருக்கவில்லை!

வூ என்ற பெண் விஞ்ஞானி கோபால்ட்டை வைத்துச் சோதனை செய்து வந்தார். பேதம் இருப்பதாகத் தெரிகிறது என்ற செய்தி 1957 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை லெடர்மேன் காதுக்கு எட்டியது. 'நம்மிடம் இருக்கும் முடுக்கியில் இதை வேறு வழியில் பார்க்க முடியுமே!' என்று அவருக்குத் தோன்றியது. நண்பர் கார்வினையும், மாணவர் வைன்ரிக்கையும் சேர்த்துக்கொண்டார். வைன்ரிக் தன் ஆய்வுக்காக வைத்திருந்த கருவியையே மாற்றியமைத்தார்கள்.

சோதனை இதுதான். மியூவான் என்ற துகளைக் கார்பன் கட்டியில் நிறுத்தினால், அது சிதைந்து எலெக்ட்ரானைத் துப்பும். இடது வலது பேதம் இல்லையென்றால் எல்லாப் பக்கமும் சமமாகத் துப்ப வேண்டும். பேதம் இருந்தால், மியூவானின் சுழற்சி அச்சைப் பொறுத்து ஒரு பக்கம் கூடுதலாகத் துப்பும். எண்ணும் கவுண்ட்டரைச் சுற்றிச் சுற்றி நகர்த்துவது கஷ்டம். கார்வின் ஒரு யோசனை சொன்னார். கவுண்ட்டர் அங்கேயே இருக்கட்டும், ஒரு காயிலைச் சுற்றி மின்சாரம் கொடுத்தால், அந்தக் காந்தப்புலமே மியூவானைத் திருப்பிவிடும்! கரண்டைக் கூட்டிக் குறைக்க, எண்ணிக்கையும் ஏறி இறங்கியது. செவ்வாய் விடியற்காலையில் முடிவு கையில் இருந்தது. அறிவியலே நம்பிவந்த ஒரு விதியை உடைக்க, காயில் சுற்றத் தெரிந்த கை வேண்டியிருந்தது பாருங்கள்.

ஐயாயிரம் டன் சுவர்

லெடர்மேனுக்கு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தது வேறு ஒரு சோதனை. நியூட்ரினோ என்ற துகளுக்கு மின்னூட்டம் கிடையாது. பூமியையே ஊடுருவிப் போய்விடும், எதிலும் சிக்காது. எலெக்ட்ரானோடு சேர்ந்து பிறக்கும் நியூட்ரினோவும், மியூவானோடு சேர்ந்து பிறக்கும் நியூட்ரினோவும் ஒன்றா, வேறா? இதுதான் கேள்வி.

லெடர்மேன், ஷ்வார்ட்ஸ், ஸ்டைன்பெர்கர் மூவரும் தங்கள் குழுவோடு புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் இறங்கினார்கள். முடுக்கியிலிருந்து வரும் புரோட்டான்களை பெரிலியத்தில் மோதவிட்டார்கள். அதில் பையான்கள் பிறந்தன. பையான்கள் சிதைந்து மியூவானும் நியூட்ரினோவும் வந்தன. நியூட்ரினோ தவிர மற்ற எல்லாவற்றையும் தடுக்க வேண்டும். அதற்குச் சுமார் 13.5 மீட்டர் தடிமனுக்கு ஒரு இரும்புச் சுவர்! ஐயாயிரம் டன் இரும்புக்கு எங்கே போவது? உடைத்த பழைய போர்க்கப்பல்களின் தகடுகளை வாங்கி அடுக்கினார்கள். சண்டைக்குச் செய்த இரும்பு அறிவியலுக்கு வந்து சேர்ந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் 'ஸ்பார்க் சேம்பர்'. ஒரு அங்குலத் தடிமனுள்ள 90 அலுமினியத் தகடுகள், மொத்தம் 10 டன். தகடுகளுக்கு நடுவே நியான் வாயு. மின்னூட்டமுள்ள துகள் ஒன்று குறுக்கே போனால் அந்தப் பாதையில் வாயு அயனியாகும். அந்த நொடியில் தகடுகளுக்கு ஹை வோல்டேஜ் பல்ஸ் கொடுத்தால், துகள் போன வழியிலேயே பொறி பறக்கும். உடனே போட்டோ எடுத்துவிடலாம். எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, ஸ்பார்க் பிளக்கை நினைத்துக்கொண்டால் தத்துவம் புரிந்துவிடும்.

ஆயிரம் கோடி அல்ல, லட்சம் கோடி அல்ல, அதற்கும் மேலே எண்ணற்ற நியூட்ரினோக்கள் அந்தக் கருவி வழியாகப் போயின. சிக்கியதோ கொஞ்சம்தான். ஒற்றை மியூவான் தடம் 34 கிடைத்தது. அதில் ஐந்து, வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிரால் ஆனவை என்று கணக்கிட்டுக் கழித்தார்கள். மீதி 29. நியூட்ரினோ ஒரே வகை என்றால், எலெக்ட்ரான் தடமும் கிட்டத்தட்ட அதே அளவு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆகவே நியூட்ரினோவில் இரண்டு வகை! 1962-இல் வெளியான இந்த முடிவுக்காக 1988-இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

காணாமல் போன மேடு

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது ஒரு வெற்றி அல்ல, ஒரு சறுக்கல். 1976-இல் ஃபெர்மி ஆய்வுக்கூடத்தில் அவருடைய குழு, ஆறு ஜி.இ.வி. அருகே வரைபடத்தில் ஒரு மேடு தெரிகிறது, புதிய துகளாக இருக்கலாம் என்று அறிவித்தது. 'அப்சிலான்' என்று பெயரும் யோசித்தாயிற்று. இன்னும் நிறைய ரீடிங் எடுக்க எடுக்க, மேடு கரைந்தே போனது! சக விஞ்ஞானிகள் அவர் பெயரையே சேர்த்து 'ஊப்ஸ் லியான்' என்று கிண்டல் செய்தார்கள்.

அவர் மறைக்கவில்லை, ஒதுங்கவும் இல்லை. கருவியைத் திருத்திக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்கள். 1977 மே மாதம் கருவியிலேயே தீப்பிடித்தது. கேபிள் எரிந்த புகையில் இருந்த குளோரின், சர்க்யூட் போர்டுகளை அரிக்க ஆரம்பித்தது. தீ விபத்துச் சேதத்தைச் சரிசெய்யும் நிபுணர் ஒருவரை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து, விஞ்ஞானிகளும் மற்றவர்களும் உட்கார்ந்து போர்டு போர்டாகக் கழுவினார்கள். சுமார் ஒரு வாரத்தில் சோதனை மறுபடி ஓடியது. அந்தக் கோடையிலேயே 9.5 ஜி.இ.வி. அருகே அசைக்க முடியாத மேடு கிடைத்தது. அதுதான் உண்மையான அப்சிலான். 'பாட்டம்' என்ற ஐந்தாவது குவார்க் இருப்பதற்கு அதுவே சாட்சி.

பக்கத்து பேட்ச் ரீடிங்கை வாங்கி ரெக்கார்டில் எழுதும் பழக்கம் எந்தக் காலேஜில்தான் இல்லை? கிராப் நேர்கோடாக வந்தால் மார்க் வரும் என்பது உண்மைதான். ஆனால் நோபல் தகுதியுள்ளவரே, "நான் பார்த்தது தப்பு" என்று உலகத்துக்கு முன்னால் நின்றார். அதனால்தான் அடுத்த வருஷம் அவர் "இது இருக்கிறது" என்றபோது உலகம் நம்பியது.

வாத்தியார் லெடர்மேன்

அவரிடம் டாக்டர் பட்டத்துக்குப் படித்தவர்கள் சுமார் ஐம்பது பேர். அவர்களில் இத்தனை பேர் பேராசிரியர்கள் என்று கணக்குச் சொல்லிவிட்டு, தனக்குத் தெரிந்து யாரும் ஜெயிலில் இல்லை என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறார்! 1979 முதல் 1989 வரை ஃபெர்மி ஆய்வுக்கூடத்தின் இயக்குநர். மீக்கடத்திக் காந்தங்களைக் கொண்ட டெவட்ரான் முடுக்கி அவர் காலத்தில்தான், 1983-இல் இயங்க ஆரம்பித்தது. அவ்வளவு வேலைக்கு நடுவிலும், 1980-இல் பள்ளி மாணவர்களுக்காக 'சனிக்கிழமை காலை இயற்பியல்' வகுப்பு தொடங்கியது. 1986-இல் இல்லினாய் மாநிலத்தில் கணிதமும் அறிவியலும் கற்பிக்கும் அரசு உறைவிடப் பள்ளி ஒன்று பிறக்கவும் அவர் முன்னின்றார். பிறகு ஐ.ஐ.டி.யில் பாடம் நடத்தினார். நம்ம ஊர் ஐ.ஐ.டி. இல்லை, சிகாகோவில் உள்ள இல்லினாய் ஐ.ஐ.டி.!

பள்ளியில் முதலில் இயற்பியல், அப்புறம் வேதியியல், அதன் பிறகே உயிரியல் என்று வரிசையை மாற்ற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் வாதம். அஸ்திவாரம் போட்டுவிட்டுத்தானே மாடி கட்ட வேண்டும்?

கடைசிக் காலத்தில் ஞாபக மறதி நோய் அவரைப் பிடித்தது. 2015-இல் அவருடைய நோபல் பதக்கம் 7,65,002 டாலருக்கு ஏலம் போனது. மருத்துவச் செலவை நினைத்து விற்றார்கள். 2018 அக்டோபர் 3-ஆம் தேதி, 96-ஆம் வயதில் காலமானார். பதக்கம் கைமாறிப் போனது. அவர் காட்டிய இரண்டாவது நியூட்ரினோ மட்டும் உலகத்துப் பாடப் புத்தகங்களிலெல்லாம் இருக்கிறது.

நண்பர்களே, "டிப்ளமோதானே" என்று யாராவது சொன்னால் குன்றிப்போக வேண்டாம். ஐயாயிரம் டன் இரும்பைத் தூக்கி அடுக்கவும், 90 தகட்டுக்கும் ஒயரிங் செய்யவும், கரி படிந்த போர்டைக் கழுவி மறுபடி ஓட வைக்கவும் தெரிந்தவர்கள் இல்லாமல் அந்தக் கண்டுபிடிப்புகளில் ஒன்றுகூட நடந்திருக்காது. அந்த வேலை நமக்குத் தெரிந்த வேலை. அடுத்த முறை லேபில் மீட்டர் முள் நாம் எதிர்பார்க்காத இடத்தில் நின்றால், தட்டிவிட்டுப் போகாமல் ஏன் என்று ஒரு நிமிஷம் பார்ப்போமே!