ஒரே மதிப்பெண், யாரோடு ஒப்பிடுவது?

படிப்பின் வாசல்கள் – 11

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஈக்காட்டுத்தாங்கல் கலைமகள் நகர்ப் பக்கத்து இன்டர்நெட் சென்டர்களில் கூட்டம் சேர்ந்துவிடும். பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பம் போட வரும் பிள்ளைகளோடு, பட்டறையிலோ கம்பெனியிலோ அரை நாள் லீவு சொல்லிவிட்டு அப்பாவோ அம்மாவோ வந்திருப்பார்கள். அங்கே நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“அண்ணா, 183 கட் ஆஃப். கிண்டி கிடைக்குமா?”

“என்ன கம்யூனிட்டிம்மா? கவர்ன்மென்ட் ஸ்கூலா, பிரைவேட்டா?”

கடைக்காரர் கேட்கும் அந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் 183 என்ற எண்ணை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. நுழைவுத்தேர்வு வேண்டுமா, பிளஸ் டூ மார்க் போதுமா என்று நாற்பது ஆண்டுகளாக நாம் நடத்தும் வாதத்தில் அடிக்கடி காணாமல் போவது இந்த உண்மைதான். எந்தத் தேர்வின் மதிப்பெண்ணாக இருந்தாலும், அதை யாருடைய மதிப்பெண்ணோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் நீதியும் அநீதியும் பிறக்கின்றன.

ஒரு மார்க்கின் அதிகாரம்

183 எப்படி வந்தது? கணிதத்தில் 94. இயற்பியலில் 88, அதில் பாதி 44. வேதியியலில் 90, அதில் பாதி 45. கூட்டினால் 200-க்கு 183. கணிதத்தில் ஒரே ஒரு மார்க் கூடியிருந்தால் 184. அந்த ஒரு மார்க்குக்குள் பல நூறு பேர் நிற்பார்கள். ஒரே கட் ஆஃப் எடுத்தவர்களில் யார் முந்தி என்று பார்க்க முதலில் கணித மார்க், பிறகு இயற்பியல் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். பிறந்த தேதியும் சமமானால், கணினி முன்கூட்டியே ஒதுக்கிய 10 இலக்கச் சமவாய்ப்பு எண் முடிவு செய்யும்.

120 எடுத்தவரையும் 183 எடுத்தவரையும் ஒரு தேர்வால் பிரித்துக் காட்ட முடியும். 183-ஐயும் 184-ஐயும் பிரித்து, இவர்தான் தகுதி மிக்கவர் என்று சொல்ல எந்தத் தேர்வாலும் முடியாது. விடைத்தாளை மறுமதிப்பீட்டுக்கு அனுப்பினாலே மார்க் மாறுகிறது. ஆனால் இடம் குறைவு, கேட்போர் அதிகம் என்பதால் அந்த மெல்லிய கோட்டின் மீதுதான் பிள்ளைகளின் வாழ்க்கையைப் பிரித்துவைக்கிறோம்.

ஒரே சாலையில் இரண்டு கதவுகள்

ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து கிண்டி தொழிற்பேட்டையைக் கடந்து சர்தார் பட்டேல் சாலைக்குப் போனால், நாடே விரும்பும் இரண்டு வளாகங்கள் வந்துவிடும். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி ஒன்று. 1959-ல் தொடங்கிய சென்னை ஐஐடி மற்றொன்று. முன்னதற்குள் நுழையப் பிளஸ் டூ மார்க் வேண்டும். பின்னதற்கு ஜேஇஇ மெயின் எழுதி, முதல் இரண்டரை லட்சம் பேருக்குள் வந்து, பிறகு ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும். மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். அட்வான்ஸ்டு வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே.

கிண்டியின் கதவும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1984-ல் தமிழக அரசு தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு கொண்டுவந்தது. பிளஸ் டூ மார்க் 200-க்கு, நுழைவுத்தேர்வு 100-க்கு, ஆக மொத்தம் 300. அந்த 100 மார்க்குக்காக நகரங்களில் பயிற்சி மையங்கள் பெருகின. கிராமத்துப் பிள்ளைக்கு மையமும் பக்கத்தில் இல்லை, கட்டணம் கட்டக் காசும் இல்லை. 2005-லும் 2006 தொடக்கத்திலும் நுழைவுத்தேர்வை நீக்க எடுத்த முயற்சிகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கையின் அடிப்படையில் சட்டம் இயற்றினார்கள். 2007-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. நுழைவுத்தேர்வு போயிற்று.

அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் அது பொய். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பிளஸ் ஒன் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள். புளூபிரிண்ட் பார்த்து, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்று கணக்குப் போட்டு சென்டம் வாங்கினார்கள். 2018-ல் பிளஸ் ஒன் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்ததன் காரணம் இதுதான். வசதி உள்ளவர்கள் எந்தத் தேர்வு வந்தாலும் அதற்கேற்ற பயிற்சியை விலைக்கு வாங்கிவிடுகிறார்கள். தேர்வை மாற்றினால் பயிற்சிக் கடையின் போர்டுதான் மாறும்.

நீட் சொன்ன பாடம்

மருத்துவத்தில் நடந்தது இதைவிடக் கொடுமை. 2017-ல் தமிழ்நாட்டு மருத்துவ இடங்கள் முழுவதும் நாடு தழுவிய நீட் நுழைவுத்தேர்வின் கீழ் வந்தன. அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தவர். பழைய முறையில் அவருடைய மருத்துவக் கட் ஆஃப் 196.75. நீட்டில் அவர் பெற்றது 720-க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போனார். அந்த ஆண்டு செப்டம்பர் 1-ல் அவரை இழந்தோம். ஒரே பிள்ளை, ஒரே ஆண்டு, இரண்டு எண்கள். இரண்டாவது எண் அவருடைய அறிவை அளந்தது என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாது. வேறு பாடத்திட்டத்துக்கும் வேறு பயிற்சிக்கும் அவர் எவ்வளவு தொலைவில் நின்றார் என்பதைத்தான் அது அளந்தது.

2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் ஒரு கணக்கு வைக்கப்பட்டது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த 3,000-க்கும் மேற்பட்டோரில், பயிற்சி வகுப்புக்கே போகாமல் வந்தவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதியரசர் ஏ.கே. ராஜன் குழு 2021-ல் அறிக்கை தந்தது. நீட் விலக்கு மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள்.

ஆனால் இந்தப் போராட்டத்துக்கு நடுவே இன்னொன்று நடந்தது. அதற்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவில்லை. 2020-ல், ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்தது.

இதை நிதானமாக யோசிக்க வேண்டும். தேர்வு மாறவில்லை. அதே நீட், அதே வினாத்தாள். மாறியது ஒப்பீடு மட்டும்தான். கோச்சிங்குக்கு லட்சக்கணக்கில் கட்டி, ஓராண்டு டிராப் செய்து எழுதிய பிள்ளையோடு அரசுப் பள்ளிப் பிள்ளையை ஓட விடாமல், அவளைப் போன்ற சூழலில் படித்தவர்களோடு ஒப்பிட்டார்கள். 2021-ல் இதே 7.5 சதவீதம் பொறியியலுக்கும் வந்தது. கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்றது. 69 சதவீத இட ஒதுக்கீட்டின் அடிப்படையும் இதே நியாயம்தான். தமிழ்நாடு உலகுக்குச் சொல்லக்கூடிய பதில் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திருத்தும் கை யாருடையது?

ஒப்பீட்டை மாற்றும் இதே கருவி கெட்ட கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பாக் நீரிணைக்கு அப்பால் சாட்சி இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் ‘தரப்படுத்தல்’ வந்தது. மருத்துவத்துக்குச் சிங்களத்தில் எழுதியவர்களுக்கு 229 மதிப்பெண் போதும், தமிழில் எழுதியவர்களுக்கு 250 வேண்டும் என்று வைத்தார்கள். பின்பு 1974-ல் மாவட்டவாரி ஒதுக்கீடு வந்தபோது, யாழ்ப்பாணத்துக்கு இழப்பு என்றாலும், மன்னார், மட்டக்களப்பு போன்ற வசதி குறைந்த மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிறிதளவு வழி திறந்தது. படிக்கும் வசதி குறைந்தவர்களைக் கைதூக்கிவிடுவது நீதி. மொழியைப் பார்த்துக் கோட்டை நகர்த்துவது அநீதி. ஒரு தலைமுறை இளைஞர்களின் நம்பிக்கையை அது முறித்தது.

ஒப்பீட்டை நல்ல விதமாகப் பயன்படுத்தும் உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் கொரோனா காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் எஸ்.ஏ.டி. நுழைவுத்தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லை என்றன. 2022-ல் எம்.ஐ.டி.யும் 2024-ல் டார்ட்மவுத்தும் அதை மீண்டும் கட்டாயமாக்கின. டார்ட்மவுத் சொன்ன காரணம் நமக்கும் பயன்படும். ஏழைப் பிள்ளைகள் தங்கள் மார்க் போதாது என்று நினைத்து அனுப்பாமலே விட்டுவிடுகிறார்கள், அவர்கள் படித்த பள்ளியின் நிலையோடு வைத்துப் பார்த்தால் அதே மார்க் அவர்களுக்குச் சாதகமாகப் பேசும் என்றது. மதிப்பெண்ணை மறைப்பதைவிட, சூழலோடு சேர்த்து வாசிப்பதே மேல் என்பது இதன் சாரம்.

நம் சர்தார் பட்டேல் சாலையிலேயே இன்னொரு வழியும் பிறந்திருக்கிறது. சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. விண்ணப்பித்தவருக்கு நான்கு வாரம் பாடம் நடத்தி, வாராவாரம் பயிற்சி தந்து, பிறகு அந்தப் பாடத்திலேயே தகுதித் தேர்வு வைக்கிறார்கள். முதலில் கற்பிப்பது, பிறகு சோதிப்பது. கோச்சிங் மையத்துக்கு இங்கே பெரிய வேலை இல்லை. எல்லாப் படிப்புக்கும் இது பொருந்தாது என்றாலும், ஒரு தேர்வு நேர்மையாக இருக்க முடியும் என்பதற்கு இது சான்று.

செய்ய வேண்டியது

7.5 சதவீத ஒதுக்கீட்டை 2022-ல் உறுதி செய்த உயர் நீதிமன்றம், ஐந்தாண்டுகளில் அதை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. அந்த நேரம் வரும்போது அரசு வெறும் உணர்ச்சிப் பேச்சோடு போய் நிற்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்தவர்கள் எந்த வகைப் பள்ளியில் படித்தார்கள், எத்தனையாவது முயற்சியில் வந்தார்கள், வீட்டில் முதல் பட்டதாரியா, நான்காம் ஆண்டில் எப்படிப் படிக்கிறார்கள் என்ற விவரங்களைப் பெயரில்லாமல் வெளியிட வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் படிக்கும் ஏழைப் பிள்ளைகள் இந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களுக்கும் வழி காண வேண்டும். அட்வான்ஸ்டு வினாத்தாள் தமிழிலும் வர வேண்டும் என்று உரக்கக் கேட்க வேண்டும்.

நீட் வேண்டாம் என்ற கோரிக்கை நியாயமானது. அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கே நீட் போய்விட்டாலும், அதன் இடத்தில் வரும் மதிப்பெண்ணை யாரோடு ஒப்பிடப் போகிறோம் என்ற கேள்வி அப்படியே இருக்கும். அதற்குப் பதில் வைத்திருக்கும் சமூகம்தான் தன் பிள்ளைகளை நியாயமாகத் தேர்ந்தெடுக்கும்.

அடுத்த வாரம்: இடம் கிடைத்துவிட்டது, முதல் செமஸ்டரில் தமிழ் மீடியம் பிள்ளைகள் ஏன் தடுமாறுகிறார்கள்? அவர்களுக்குக் கைகொடுக்கும் கல்லூரிகள் என்ன செய்கின்றன?

(தொடரும்)